மலையேறினால் குரோமோசோம் பெருகுமா?

தாவரவியல் படித்த பலரிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. மலை உயர உயரக் குளிர் கூடும்; குளிர் கூடக்கூடச் செடியின் செல்லுக்குள் குரோமோசோம் தொகுதிகள் பெருகும்; அப்படிப் பெருகிய பன்மடியச் செடிதான் கடுமையைத் தாங்கி நிற்கும். ஆகவே பன்மடியத்தைத் தேடுகிறவர் இமயத்துக்குப் போக வேண்டும், முடியாதவர் நீலகிரிக்காவது போக வேண்டும். அச்சரப்பாக்கத்தில் என்ன கிடைக்கும்? திருச்சி நெடுஞ்சாலையில் போகிற எல்லோர் கண்ணிலும் படும் வஜ்ரகிரி, கோயிலும் மாதா ஆலயமும் முட்புதரும் கொண்ட ஒரு கல்மேடு. அதில் உள்ளவை சமவெளிச் செடிகள். அவற்றுக்குப் பெயர் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

மலையில் குளிர் கூடும் என்பது சரி; அதற்கு மேல் இந்த நம்பிக்கையின் ஒவ்வொரு படியும் தவறு. உயரம் குரோமோசோம்களைப் பெருக்குவதில்லை. குளிர் மட்டும் பெருக்குவதில்லை. பெருகியதால் மட்டுமே ஒரு செடி வலிமை பெற்றுவிடுவதும் இல்லை. இந்தத் தவறு வகுப்பறையோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். எந்தக் குன்றை ஆராய வேண்டும், எதை உடைக்கலாம், எந்தச் செடியை எங்கிருந்து கொண்டுவந்து நடலாம், எந்த மூலிகையை நம்பி விற்கலாம் என்ற முடிவுகளுக்குள் அது புகுந்துவிட்டது. அதனால்தான் இதை வெளிப்படையாக மறுக்க வேண்டியிருக்கிறது.

பன்மடியம் நமக்குப் புதிய பொருள் அன்று. நாம் தின்னும் வாழைப்பழத்திலேயே இருக்கிறது. வாழையின் அடிப்படை எண் 11. கன்னியாகுமரிப் பக்கத்து மட்டியும், நெய்ப்பூவனும் இரண்டு தொகுதி கொண்டவை. அவற்றின் செல்லில் 22 குரோமோசோம்கள். பூவன், ரஸ்தாளி, மொந்தன் ஆகியவற்றில் மூன்று தொகுதிகள், 33 குரோமோசோம்கள். மூன்று தொகுதிகள் சரிபாதியாகப் பிரிய முடியாததால் விதை பிடிப்பதில்லை. நாம் கன்றை வைத்து வளர்க்கிறோம். ஒரே இனத்துக்குள் தொகுதி இரட்டித்தால் தன்பன்மடியம். இரண்டு இனங்கள் கலந்து தொகுதிகள் சேர்ந்தால் அயல்பன்மடியம். இவ்வளவு தெரிந்தால் மேலே வரும் வாதத்தைத் தொடரலாம்.

மறுக்கப் புகுமுன் எதிர்த்தரப்பின் சான்றை முழுமையாக வைக்க வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த ஓலாஃப் ஹாகரூப் 1930களின் தொடக்கத்தில், கடுமையான தட்பவெப்பம் உள்ள இடங்களில் பன்மடியச் செடிகள் நன்றாக நிலைக்கின்றன என்று எழுதினார். அஸ்கெல் லோவ், டோரிஸ் லோவ் தம்பதியர் ஐரோப்பாவின் தெற்கிலிருந்து ஆர்க்டிக் தீவுகள் வரை பட்டியலிட்டு, வடக்கே போகப்போகப் பன்மடியத்தின் பங்கு ஏறுவதைக் காட்டினர். 2019ல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்றும் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பன்மடியத் தாவரங்களின் பங்கு கூடுகிறது என்றே கண்டது. இந்தச் சான்றுகள் உண்மையானவை. அவற்றோடு எனக்குப் பிணக்கு இல்லை. அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட முடிவோடுதான் பிணக்கு.

முதலில் ஆர்க்டிக்கையே எடுத்துக்கொள்வோம். அங்கே குளிர் எங்கும் உண்டு. ஆனால் பன்மடியம் எங்கும் ஒரே அளவில் இல்லை. கிறிஸ்டியான் புரோக்மானும் அவருடைய குழுவினரும் 2004ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பனி யுகத்தில் பனிப்பாளத்தால் பெரிதும் மூடப்பட்டிருந்த அட்லாண்டிக் பகுதியில் பன்மடியம் மிகுதி; பனிப்பாளம் பெரும்பாலும் மூடாத பெரிங்கியா பகுதியில் குறைவு. இரண்டும் குளிர்ந்த நிலங்களே. வேறுபாடு நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. பனி விலகியபோது வெற்று நிலம் திறந்தது; வெவ்வேறு புகலிடங்களில் பிரிந்து கிடந்த செடிகள் அங்கே சந்தித்துக் கலந்தன; கலந்தவை தொகுதி பெருகி நிலைத்தன. அமெரிக்கத் தாவரவியலாளர் லெட்யார்ட் ஸ்டெபின்ஸும் இந்த இரண்டாம் சந்திப்பையே காரணமாக வலியுறுத்தினார்.

இதை நம் நிலத்தோடு பொருத்திப் பாருங்கள். நீலகிரியையும் பழனி மலையையும் பனிப்பாளம் மூடியதில்லை. அங்கே பனி விலகித் திறந்த வெற்று நிலம் என்ற ஒன்றே கிடையாது. அப்படியிருக்க, ஆர்க்டிக்கின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் கண்ட விதியை உதகமண்டலத்துக்கு ஏற்றுவது எந்த வகையில் அறிவியல்? குளிர் என்ற ஒரு பொதுத்தன்மையை மட்டும் பிடித்துக்கொண்டு, பனிப்பாளம் என்ற உண்மைக் காரணத்தை விட்டுவிட்டோம்.

இமயமும் இந்த விதிக்குச் சாட்சி சொல்ல மறுக்கிறது. அதைக் கண்டவர் நம் பக்கத்து மனிதர். தலச்சேரியில் பிறந்து, சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த இ. கே. ஜானகி அம்மாள். சி. டி. டார்லிங்டனுடன் சேர்ந்து 1945ல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டவர். வடகிழக்கு இமயம் குளிரும் ஈரமும் உள்ள பகுதி. வடமேற்கு இமயம் குளிரும் வறட்சியும் உள்ள பகுதி. வடமேற்கைவிட வடகிழக்கில் புதிய இனங்கள் அதிகமாகத் தோன்றியிருப்பதையும், அதற்குப் பன்மடியம் காரணமாக இருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். இரண்டு பக்கமும் உயரம் உண்டு, இரண்டு பக்கமும் குளிர் உண்டு. விளைவு மட்டும் வேறு. சீன, மலாயத் தாவரக் கூறுகள் வடகிழக்கில் வந்து கலந்ததை அவர் சுட்டினார். கலப்புக்கு வாய்ப்பு எங்கே இருந்ததோ அங்கே பன்மடியம் செழித்தது. இமயத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஜானகி அம்மாளின் பெயரைச் சொல்கிறார்கள். அவர் கண்டதை மறந்துவிடுகிறார்கள்.

ரோடோடென்ட்ரான் பேரினத்திலும் அவர் எண்ணிப் பார்த்தார். இலையின் கீழ்ப்புறத்தில் செதில் உள்ள பிரிவில் 26 குரோமோசோம் கொண்டவையும் உண்டு, 156 வரை ஏறியவையும் உண்டு. செதில் இல்லாத பிரிவிலோ ஏறக்குறைய எல்லாமே 26 என்ற இருமடிய எண்ணிலேயே நிற்கின்றன. இரண்டு பிரிவும் அதே இமயச் சரிவுகளில், அதே பனிக்காற்றில் வளர்கின்றன. செதில் இல்லாப் பிரிவைச் சேர்ந்ததுதான் ரோடோடென்ட்ரான் ஆர்போரியம். நீலகிரியின் உச்சிப் புல்வெளி ஓரங்களில் சிவந்து பூக்கும் காட்டுப் பூவரசு அதன் தென்னாட்டுக் கிளை. இமயத்தில் வளரும் அந்த மரம், வெறும் இரண்டு தொகுதியோடு அத்தனை உயரத்தையும் தாங்குகிறது. குளிர் பன்மடியத்தைக் கட்டாயமாக்கும் என்றால் இந்த மரம் எப்படி இருக்க முடியும்?

இனி மலையிலிருந்து இறங்கி வருவோம். உலகத் தாவரங்களில் மிக உயர்ந்த குரோமோசோம் எண்களில் ஒன்று எங்கே கண்டறியப்பட்டது தெரியுமா? பனிமலையில் அல்ல. திருவனந்தபுரத்தில் பணியாற்றிய ஆபிரகாம், நைனான் ஆகிய இருவரும் 1954ல் ஓஃபியோகுளோசம் ரெட்டிகுலேட்டம் என்ற சிறு பெரணியைப் பற்றி எழுதினார்கள். விரலளவு உயரம், ஒற்றை இலை, மழைக்குப் பின் புல்லுக்கிடையில் முளைத்து மறையும் செடி. அதன் செல்லில் 1260 குரோமோசோம்கள். அடிப்படை எண் 15 என்று கொண்டால் 84 மடங்கு. வெப்பமண்டலத்தின் ஈரப்புல்வெளி இதைத் தாங்கியது. இலங்கையின் பெரணிகளை ஆராய்ந்த ஐரின் மான்ட்டனும் ஸ்லெட்ஜும் அதே 1954ல் வெளியிட்ட முடிவும் இதற்கு இசைவானது. வெப்பமண்டலத் தீவின் பெரணிகளில் பன்மடியம் மலிந்து கிடந்தது. வடக்கின் குளிர்தான் பன்மடியத்தின் தொட்டில் என்றால், பெரணிகள் இந்தக் கணக்கில் அடங்கவே மாட்டா.

பெரணி தனிக் குலம் என்று ஒதுக்குவார்கள். சரி, வீட்டுக் கொல்லைக்கு வருவோம். மணத்தக்காளி என்று நாம் ஒரே பெயரில் பறிக்கும் கீரை, ஒரே இனம் அன்று; ஒரு கூட்டம். 24 குரோமோசோம் கொண்ட இருமடியம், 48 கொண்ட நான்மடியம், 72 கொண்ட அறுமடியம் மூன்றும் இந்தியாவில் உண்டு. நான்மடியத்தின் பழம் செம்மஞ்சள். மற்றவற்றின் பழம் கறுப்பு. வரப்பிலும் குப்பைமேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் முளைக்கும் செடி, கடல் மட்டத்திலேயே ஆறு தொகுதிகளை எட்டிவிட்டது. அருகம்புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுவதும் பரவியது 36 கொண்ட நான்மடியம். அதன் 18 கொண்ட இருமடிய வகை தென் ஆப்பிரிக்காவிலிருந்து தென்னிந்தியா வரை காணப்படுவதாக ஹார்லனும் டி வெட்டும் 1969ல் எழுதினார்கள். பிள்ளையாருக்கு நாம் வைக்கும் புல்லுக்குள்ளேயே இரண்டு எண்கள் உள்ளன.

எல்லாவற்றையும் விட வலுவான சான்று நாணல். பாலாற்று மணலைப் பார்த்தவர்களுக்கு நாணலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாக்கரம் ஸ்பான்டேனியம் என்ற இந்த ஒரே இனத்துக்குள் குரோமோசோம் எண் 40 முதல் 128 வரை மாறுகிறது. பாஞ்சேயும் பாபுவும் 1960ல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்களை நிலப்பரப்போடு பொருத்திப் பார்த்தது. மிகக் குறைந்த 40 வட இந்தியாவில். 100ஐத் தாண்டிய எண்கள் ஆப்பிரிக்கப் பக்கமும் கிழக்குத் தீவுகளிலும். உயர மலைக்கு அருகே குறைந்த எண், மலையை விட்டு விலகிய கரைகளில் உயர்ந்த எண். 1912ல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம், 64 குரோமோசோம் கொண்ட உள்ளூர் நாணலைக் கரும்போடு கலந்துதான் கோ 205 என்ற இரகத்தை உருவாக்கியது. வட இந்தியக் கரும்பு வயல்களின் நிலையை மாற்றியது ஆற்றங்கரைப் புல்லின் குரோமோசோம்கள். 1930களில் அந்த நிலையத்தில்தான் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். அந்த நாணலை வெறும் சமவெளிச் செடி என்று அன்று ஒதுக்கியிருந்தால் கோ 205 பிறந்திருக்காது.

அப்படியானால் பன்மடியத்தை எது தீர்மானிக்கிறது? மகரந்தமோ முட்டையோ உருவாகும்போது குரோமோசோம் பாதியாகக் குறைய வேண்டும். சில வேளை குறையாமலே போய்விடும். குளிர் அதிர்ச்சி இதைத் தூண்டும் என்பது உண்மை. வெப்பமும் தூண்டும், ரோஜாவில் கடும் வெப்பம் இத்தகைய மகரந்தத்தைக் கூட்டுவது சோதனையில் காட்டப்பட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் பாறைமேல் நிற்கும் செடிக்கும் அதே வாசல் திறந்திருக்கிறது. ஆனால் தோன்றுவது எளிது, நிலைப்பதுதான் கடினம். இருமடியக் கூட்டத்துக்கு நடுவே தனியாகத் தோன்றிய நான்மடியச் செடிக்குச் சுற்றிலும் வருவது இருமடிய மகரந்தம். பிறப்பது மும்மடியம், பெரும்பாலும் மலடு. இந்தத் தடையைத் தாண்ட மூன்று வழிகள் உண்டு. கிழங்காலோ ஓடுதண்டாலோ பெருகும் பழக்கம். தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும் திறன். போட்டியில்லாமல் புதிதாகத் திறந்த நிலம். ஆர்க்டிக்கில் பனி விலகிய நிலம் அந்த இடத்தைத் தந்தது. பாலாற்றில் வெள்ளம் ஆண்டுக்காண்டு புரட்டிப்போடும் மணல் தருகிறது. வரப்பில் மண்வெட்டி தருகிறது. மேய்ச்சல் நிலத்தில் ஆட்டின் வாய் தருகிறது. மணத்தக்காளியும் அருகும் நாணலும் எங்கே வளர்கின்றன, எப்படிப் பெருகுகின்றன என்று பார்த்தாலே அவற்றின் எண்கள் விளங்கும். உயரத்தை அளக்கும் கருவி அங்கே தேவைப்படுவதில்லை.

பன்மடியம் என்றாலே வலிமை என்ற அடுத்த படிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பவுடன் என்ற ஆய்வாளர் 1940லேயே இருமடிய, பன்மடியச் செடிகளின் குளிர் தாங்கும் திறனை ஒப்பிட்டு, தொகுதி பெருகியதால் மட்டும் திறன் கூடுவதில்லை என்று காட்டிவிட்டார். நம் ஊர்ச் சான்று விருப்பாச்சி மலைவாழை. கீழ்ப்பழனி மலையில் விளையும் மும்மடியம். மலையும் இருக்கிறது, பன்மடியமும் இருக்கிறது. ஆனால் முடிக்கொத்து நோய் வந்தபோது அந்தத் தோட்டங்கள் பெரும்பகுதி அழிந்தன. கன்றால் மட்டுமே பெருகியதால் ஒவ்வொரு மரமும் மற்றதன் மறுபதிப்பு. ஒன்றைத் தாக்கிய நோய் எல்லாவற்றையும் தாக்கியது. கூடுதல் தொகுதி அதைக் காப்பாற்றவில்லை.

உலகளாவிய சராசரி இருக்கிறதே என்று இன்னும் சிலர் கேட்பார்கள். கண்டம் தழுவிய சராசரி ஒரு குன்றின் ஒரு செடிக்கு எண் சொல்லாது. மேலும் அந்தச் சராசரி, யாரோ எண்ணி வைத்த எண்களிலிருந்துதான் பிறக்கிறது. பூக்கும் தாவரங்களில் பெரும்பான்மை இன்னும் எண்ணப்படாதவை. எண்ணியவற்றிலும் பெரும்பங்கு ஐரோப்பாவும் வட அமெரிக்காவும். எண்ணாத வெப்பமண்டலத்தைப் பற்றி எண்ணிய வடக்கைக் கொண்டு தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீர்ப்பையே எண்ணாமல் இருப்பதற்குக் காரணமாகவும் காட்டுவது நியாயமே அன்று.

டிஎன்ஏ வரிசை படிக்கும் காலத்தில் குரோமோசோம் எண்ணுவது பழைய வேலை என்ற வாதமும் இப்போது பரவியிருக்கிறது. தாவரத்தை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கப்படும் பார்கோடு மரபணுக்கள் பசுங்கணிகத்தில் உள்ளவை. ஒரு செடியின் தொகுதி இரட்டித்திருக்கிறதா என்பதை அவை சொல்லா; இருமடியமும் அதிலிருந்து பிறந்த தன்பன்மடியமும் அங்கே ஒன்றுபோலவே தெரியும். எண்ணுவதற்கு வேண்டியவை எளியவை. காலையில் எடுத்த வேர்நுனி, ஹைட்ராக்சிகுயினோலின், அசெட்டிக் அமிலமும் ஆல்கஹாலும், அசிட்டோகார்மின் சாயம், நல்ல மைக்ராஸ்கோப், பழகிய கை. ஒரு மாவட்டக் கல்லூரியால் செய்யக்கூடிய ஆய்வு இது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சுப்பிரமணியனும் கோவிந்தராஜனும் 1980களில் தென்னிந்திய முள்ளிக் குடும்பச் செடிகளுக்கு இதைச் செய்து காட்டினார்கள். அந்தக் கைப்பழக்கம் நம் கல்லூரிகளில் அற்றுப்போக விடுவது அறிவியல் முன்னேற்றம் ஆகாது.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வசம்பு போதும். பிள்ளை பெற்ற வீட்டில் வசம்பு இல்லாமல் இருக்காது. அதில் 24 கொண்ட இருமடியம், 36 கொண்ட மும்மடியம், 48 கொண்ட நான்மடியம் என்று மூன்று வகைகள் உள்ளன. பீட்டா அசரோன் என்ற பொருள் இருமடியத்தின் எண்ணெயில் இல்லை, மும்மடியத்தில் குறைவு, நான்மடியத்தில் மிக அதிகம், சில மாதிரிகளில் 90 விழுக்காட்டையும் தாண்டும். எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968ல் தடை விதித்தது. பெயர் ஒன்று, முகம் ஒன்று, மணம் ஏறத்தாழ ஒன்று. குரோமோசோம் எண் வேறு, உள்ளிருக்கும் பொருள் வேறு. கடையில் விற்கும் வேர் எந்த எண்ணைச் சேர்ந்தது என்று கேட்காமல் அதைக் குழந்தையின் நாக்கில் தடவுவது சரியா? மலையில் விளைந்ததா, வயலில் விளைந்ததா என்ற கேள்வி இங்கே எதையும் தீர்க்காது. வேர்நுனியை எடுத்து எண்ணினால்தான் தீரும்.

இந்தப் பின்னணியில் வஜ்ரகிரியைப் பாருங்கள். செங்கல்பட்டு வட்டாரத்தின் பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றும் வயலும் ஏரியும் சூழ்ந்த தீவு. காரையும் களாவும் காசாவும் கொண்ட உலர் பசுமைக்காடு, ஒரு காலத்தில் தொடர்ச்சியாக இருந்து, இன்று குன்றுக்குக் குன்று துண்டுபட்டு நிற்கிறது. மேலே வெயில் கொதிக்கும் பாறை, நடுவே மழைக்காலத்தில் மட்டும் நீர் தங்கும் சுனைக்குழிகள், கீழே ஏரிக்கரை ஈரம். பிரிவு, கலப்பு, திறந்த நிலம், வெப்ப அதிர்ச்சி என்று பன்மடியத்துக்கு வேண்டிய சூழல்கள் எல்லாம் சில நூறு அடிக்குள் அடங்கியிருக்கின்றன. காட்டு நெல்லியில் 98 முதல் 104 வரை குரோமோசோம்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. அது பனிமலை மரம் அன்று, நம் வறண்ட சரிவுகளின் மரம். இத்தகைய மரங்கள் நிற்கும் குன்றை, உயரம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஆராய்ச்சிப் பட்டியலிலிருந்து விலக்குவதும், கல்குவாரிக்கும் கிரஷருக்கும் ஏற்ற வெறும் கல் என்று எழுதுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். குவாரிக்கு அனுமதி கேட்கும் குன்றில் செடிகளின் பெயர்ப்பட்டியல் போதாது. அங்குள்ள கூட்டங்களின் குரோமோசோம் எண்ணும் பதிவாக வேண்டும். பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஓர் ஊர்க் கூட்டத்தை அழித்துவிட்டு, வேறு மாவட்ட நாற்றங்காலிலிருந்து கன்று கொண்டுவந்து நட்டு ஈடுகட்டியதாகச் சொல்லக் கூடாது; எண் வேறானால் அவை ஒன்றோடொன்று விதை பிடிக்காமல் போகலாம். தண்டரையில் இருளர் பெண்கள் நடத்துவது போன்ற மூலிகைத் தோட்டங்களுக்கு, தாங்கள் வளர்க்கும் செடியின் எண்ணை அறியும் வசதியை வட்டாரக் கல்லூரிகள் இலவசமாகச் செய்துதர வேண்டும்.

ஜானகி அம்மாள் தம் கடைசி ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்களத்தில் உழைத்து, 1984ல் காலமானார். மதுரவாயல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. இமயத்தையும் இங்கிலாந்தையும் கண்ட அவர், செடிகளை ஆராயச் சமவெளி போதாது என்று எண்ணவில்லை. அவருடைய மாவட்டத்துக் கல்லூரிகள் தங்கள் கண்ணெதிரே நிற்கும் குன்றின் செடிகளை எண்ணத் தொடங்க வேண்டும். உயரத்தைக் காட்டி அந்த வேலையைத் தட்டிக்கழிக்க இனி எவருக்கும் காரணம் இல்லை.